செவலையின் ஐந்து நெஞ்சுப் படங்கள்

மூன்று வருடமாக இதை எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருந்தேன். நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மூடி சாமி மாடத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். பூனைக்குட்டியின் நோயைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்பது ஒரு தயக்கம். நான் முருகனுக்கு இருந்த விரதத்துக்குள்ளேயே என் கையால் ஒரு தப்பு நடந்தது, அதையும் சொல்லியாக வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய தயக்கம்.

நான் எட்டாவதோடு நின்றவள். பெரிய வார்த்தைகள் எனக்கு வராது. ஆனால் உங்கள் வீட்டுக் குட்டி இருமிக்கொண்டிருந்தால், அல்லது படம் எடுத்த கையோடு பயந்துபோய் உட்கார்ந்திருந்தால், நான் பார்த்தது உங்களுக்கு உதவக்கூடும். அந்த நினைப்பில்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு வில்பட்டியில். வீட்டை ஒட்டியே தோட்டம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் போடுகிறோம். நானும் வீட்டுக்காரரும்தான். மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். அடுத்த வீட்டில் வீட்டுக்காரரின் தங்கை பாண்டியம்மாள் இருக்கிறாள்.

அந்த ஆவணியில் ஊர்ப்பூனை ஒன்று எங்கள் விறகு அறையில் இரண்டு குட்டி போட்டது. ஒன்று செம்பட்டை நிறத்துக் கடுவன், அதற்குச் செவலை என்று பெயர் வைத்தோம். இன்னொன்று வெள்ளை, நெற்றியில் கறுப்பாக ஒரு திட்டு. அது பெட்டை, பொட்டு. தாய் ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. குட்டிகள் இரண்டும் எங்களோடு தங்கிவிட்டன.

ஐப்பசி மழையில் பொட்டு இருமத் தொடங்கியது. கழுத்தை முன்னால் நீட்டி, வயிறு தரையில் படக் குனிந்து, எதையோ கக்கப்போவதுபோல 'ஹக் ஹக்' என்று இருமும். ஒன்றும் வெளியே வராது. முடி உருண்டை தொண்டையில் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் மலைக்குளிரில் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். சாக்கைச் சூடு காட்டி விரித்தேன். நெஞ்சில் திருநீறு தடவினேன். நம்பிக்கையோடுதான் தடவினேன், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மருத்துவரிடம் போகாமல் இருந்ததுதான் குறை.

ஒன்பதாவது நாள் காலையில் பொட்டு வாயைத் திறந்து மூச்சு விட்டது. பூனை நாயைப்போல வாயைத் திறந்து மூச்சு விடுவதில்லை. விட்டால் அது ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. பால் காய்ச்சி எடுத்து வருவதற்குள் போய்விட்டது. பேரி மரத்தடியில் புதைத்தோம்.

நான்கு நாள் கழித்துச் செவலை கழுத்தை நீட்டி இருமியது. அதே இருமல்.

கொடைக்கானலில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். குழாய் வைத்துக் கேட்டார். "ரெண்டு பக்கமும் கரகரன்னு கேக்குது. படம் எடுத்தாத்தான் தெரியும். எங்கிட்ட அந்த மெசின் இல்ல. தள்ளிப் போடாம பழனிக்கு எறக்குங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி, கேரட் போடும் பிளாஸ்டிக் கூடையில் சாக்கு விரித்து, மேலே வலை கட்டினேன். பாண்டியம்மாள் வேலியோரம் நின்று பார்த்தாள்.

"மதினி, கூடையில என்ன, கோழியா?"

"செவலைடி. பழனிக்குக் கொண்டுபோறோம். எக்ஸ்ரே எடுக்கணுமாம்."

"எங்க அண்ணன் முட்டி வலின்னு ரெண்டு வருசமா நொண்டுது. அதுக்கு ஒரு எக்ஸ்ரே இல்ல. பூனைக்காக்கும்!"

"ஒங்கண்ணன் இருமட்டும், அவரையும் கூடையில வச்சுக் கொண்டுபோறேன்."

சிரித்தாள். ஆனால் உள்ளே போய்ப் பழைய கம்பளித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கூடையைச் சுற்றிவிட்டாள்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினோம். கண்டக்டர் கூடையைக் குனிந்து பார்த்தார். "பூனையா? குறுக்க போனாத்தான தோசம். கூடவே வந்தா ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்றார். முன்னால் இருந்த ஒருவர் மட்டும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

வளைவு வளைவாக இறங்க இறங்கச் செவலையின் விலா கொஞ்சம் மெதுவாக ஏறி இறங்கியதுபோல் இருந்தது. கீழே காற்று கனம் கூடியது, மூச்சுக்குச் சுலபம் என்று பிறகு மருத்துவர் சொன்னார். எனக்கு அப்போது முருகன் கிட்டே வருகிறான் என்றுதான் பட்டது. இரண்டும் இருக்கலாம்.

பழனியில் நாங்கள் போனது ஒரு தனியார் மருத்துவமனை. மருத்துவர் ஒரு பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். செவலையை உடனே தொடவில்லை. கண்ணாடிபோன்ற ஒரு பெட்டிக்குள் வைத்து, ஆக்சிஜன் குழாயை அதில் விட்டார். "மொதல்ல மூச்சு அடங்கட்டும். இப்பப் பிடிச்சு அமுக்குனா பயத்துலயே போயிரும்" என்றார். முக்கால் மணி நேரம் அப்படியே காத்திருந்தோம்.

படம் எடுக்கும் அறைக்குள் வீட்டுக்காரரைத்தான் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கதிர் உடம்பில் படாமல் இருக்க ஈயம் வைத்த கனமான அங்கி ஒன்றை அவருக்கு மாட்டினார்கள். "சூரசம்காரத்துக்கு வேசங்கட்டுன மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒருக்களித்து ஒன்று, நெஞ்சு கீழே இருக்க ஒன்று, இரண்டு விதமாக எடுத்தார்கள். குட்டி மூச்சை உள்ளே இழுத்த நொடியில் எடுத்தால்தான் நுரையீரல் விரிந்து தெரியுமாம். இரண்டையும் சேர்த்து ஒரு தடவைப் படமாகத்தான் நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

மருத்துவர் கம்ப்யூட்டரில் காட்டினார். விலா எலும்புகள் மீன் முள்ளைப்போல அத்தனை மெல்லிசு.

"எங்க காத்து இருக்கோ அங்க கறுப்பாத் தெரியும்மா. நுரையீரல் முழுக்கக் காத்துதான், அது கறுப்பா இருக்கணும். இங்க பாருங்க."

பார்த்தேன். கறுப்பு மிகக் குறைவாக இருந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளை படர்ந்து, நடுநடுவே பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் திட்டுத்திட்டாக இருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கி, கீழே ஊர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும். அதேபோல இதயம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"சளியாங்க?" என்றேன்.

"இந்த மாதிரித் திட்டு வெறும் சளியில வராது. நுரையீரல் புழுவா இருக்கும்னு நெனைக்கிறேன். படத்த மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். மலத்தையும் பாத்துரலாம்."

மூன்று நாள் மலம் தனித்தனியாக வேண்டும் என்றார். அதற்குள் மூச்சு திணறாமல் இருக்க ஊசி போட்டார். மூன்று நாள் பழனியிலேயே உறவினர் வீட்டில் தங்கிச் சேர்த்துக் கொடுத்தோம். அதைத் துணியில் முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு ராத்திரி வைப்பார்கள். புழுக்குஞ்சுகள் நீந்தி வெளியே வந்து அடியில் தங்கும். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். தண்ணீரில் நூல் துண்டுபோல நெளிந்தன. வால் நுனி மட்டும் கொக்கிபோல் வளைந்திருந்தது.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். இந்தப் புழு பூனையின் நுரையீரலுக்குள் இருந்துகொண்டு அங்கேயே முட்டை இடும். குஞ்சுகள் இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, மலத்தில் வெளியேறும். அந்த மலத்தின் மேல் ஊரும் நத்தைக்குள்ளும், ஓடு இல்லாத நத்தைக்குள்ளும் புகுந்து வளரும். அந்த நத்தையைத் தின்ற பூனைக்கு நோய் வரும். நத்தையைத் தின்ற எலி, ஓணான், குருவியைத் தின்றாலும் வரும். பூனையிலிருந்து நேராக இன்னொரு பூனைக்குத் தொற்றாது. மனிதருக்கு வராது. குட்டிகளுக்கு நெஞ்சு சின்னது, அதனால் பெரிய பூனையைவிட அவை அதிகம் தவிக்கும்.

"தோட்டத்துல விடாதீங்க. எதையும் வேட்டையாடித் திங்க விடாதீங்க" என்று மருத்துவர் இரண்டு தடவை சொன்னார். அவர் சொல்லவில்லை என்று நான் ஒரு நாளும் சொல்ல முடியாது.

புழு மருந்து தண்ணீராக, பல நாள் கொடுக்க வேண்டும். செத்த புழுக்கள் நுரையீரலில் கிடந்து புண்ணை ஏற்றும் என்பதால், வீக்கம் குறைக்கும் மருந்து கொஞ்ச நாளுக்கு. தூங்கும்போது மூச்சை எண்ணச் சொன்னார். நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். செவலைக்கு முதல் நாள் அறுபத்து நான்கு இருந்தது. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பிடிப்பார், நான் எண்ணுவேன்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது படம். அதற்குள் இருமல் பாதியாகிவிட்டது. சாப்பிட்டது. என் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்தது. மூச்சு நாற்பதுக்கு இறங்கியிருந்தது. அதனால் சந்தோசமாகப் போனேன்.

படம் அப்படியே இருந்தது. ஓர் இடத்தில் முன்னைவிட வெள்ளையாகவே எனக்குத் தெரிந்தது.

"மருந்து கேக்கலையாங்க?"

"கேக்குதும்மா. குட்டி நல்லாத்தான இருக்கு? படம் பின்னாடிதான் வரும். உள்ள இருக்குற புண்ணு ஆறி, அங்க திரும்பக் காத்து போய்த்தான் கறுப்பாகும். குட்டி முன்னாடி நடக்குது, படம் நொண்டிக்கிட்டுப் பின்னாடி வருது."

"எங்க வீட்ல நான் வர்ற மாதிரி" என்றார் வீட்டுக்காரர், முட்டியைத் தடவிக்கொண்டு.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டாம். நிறுத்தாதீர்கள். பெரிய ஊர்களில் வளையத்துக்குள் படுக்கவைத்து, உடம்பைச் சீவல் சீவலாகக் காட்டும் ஸ்கேன் இருக்கிறது, அதில் இன்னும் தெளிவாகத் தெரியும் என்றும் மருத்துவர் சொன்னார். ஆனால் அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும், செவலையின் அன்றைய மூச்சுக்கு அது ஆகாது என்று விட்டுவிட்டார்.

கார்த்திகை முடிந்து நான் மாலை போட்டேன். தைப்பூசத்துக்கு நடந்து பழனிக்குப் போவது எங்கள் வீட்டில் வழக்கம். நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் படுக்கை. அந்த நாள்களில் எங்கள் வீட்டில் எந்த உயிரையும் கொல்ல மாட்டோம். எறும்பு மொய்த்தாலும் ஊதித்தான் விடுவோம்.

தை பிறந்ததும் மூன்றாவது படம். மாலையோடுதான் போனேன். மருத்துவர் கம்ப்யூட்டரைத் திருப்பும்போதே அவர் முகத்தில் தெரிந்தது. மூடுபனி விலகியிருந்தது. இதயத்தின் ஓரம் கோடு இழுத்ததுபோல் தெரிந்தது. விலாக்களுக்கு நடுவே கறுப்பு. கறுப்பைப் பார்த்து நான் சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மலத்திலும் புழுக்குஞ்சு இல்லை.

"மாசி கடைசியில ஒரு தடவ கொண்டாங்க. நல்லா இருந்தாலும் கொண்டாங்க" என்றார்.

பூசத்துக்கு நடந்து போனேன். அந்த நாள்களில் பாண்டியம்மாள் செவலைக்குச் சோறு வைத்தாள். வேண்டுதல் என்று எதுவும் பாக்கி இல்லாமல் மலையேறி, நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாசியில் செவலை கொழுத்திருந்தது. இருமல் இல்லை. மூச்சு இருபத்தெட்டு. கூடையை எடுத்தபோது பாண்டியம்மாள் தடுத்தாள்.

"நல்லாத் திரியுற பூனைய எதுக்கு மதினி வளைவுல ஆட்டி வாந்தி எடுக்க வைக்கிறீக? ஒங்களுக்குப் பழனிக்குப் போக ஒரு சாக்கு வேணும்."

எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. வரச் சொன்னவரிடம் வருகிறேன் என்று தலையாட்டியிருக்கிறோமே என்றுதான் போனேன். போகாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யோசிக்க நான் விரும்பவில்லை.

நான்காவது படத்தில், நுரையீரலின் பின்பக்கம், வயிற்றை ஒட்டிய இடத்தில், புதிதாக வெள்ளைத் திட்டுகள் இருந்தன. மருத்துவர் மூன்றாவது படத்தையும் பக்கத்தில் வைத்து, விரலால் மாற்றி மாற்றிக் காட்டினார். அங்கே கறுப்பாக இருந்த இடம் இங்கே வெள்ளை. கையோடு கொண்டுபோன மலத்தில், அன்று சாயங்காலத்துக்குள்ளேயே இரண்டு மூன்று கொக்கி வால்கள் தெரிந்தன.

"இருமவே இல்லைங்களே" என்றேன்.

"இப்பத்தான் ஆரம்பம். இந்தத் தடவ படம் முன்னாடி வந்திருச்சு. இன்னும் கொஞ்ச நாளையில இருமும்." பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணு தெரியணும்மா. பழைய புழு மருந்துக்குச் சாகாம இருந்துச்சா, இல்ல புதுசா உள்ள போயிருக்கா? சாகாம இருந்துச்சுன்னா வேற மருந்துக்குப் போகணும். அது கொஞ்சம் கடுமையானது, இந்த ஒடம்புக்கு எனக்குப் பயமா இருக்கு. புதுசுன்னா பழைய மருந்தே போதும். வெளிய விட்டீங்களா? எதையும் தின்னுச்சா?"

"இல்லங்க. விறகு அறைக்கு வலை அடிச்சு உள்ளேயே வச்சிருக்கோம்."

"நத்தை எதுவும்?"

"இல்லங்க."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மருத்துவர் புது மருந்தைத் தருவிக்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அடிவாரம் வரை போய்வருகிறோம் என்று சொல்லி, கூடையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தோம்.

இனி எழுதுவதுதான் என் தப்பு.

மற்ற நாளில் கோஸ் பாத்தியில் ஓடில்லாத நத்தை ஏறினால் உப்பைத் தூவிக் கொன்றுவிடுவோம். மாலை போட்டிருந்ததால் அதைச் செய்யவில்லை. தினம் காலையில் இலையைப் புரட்டி, கையால் பொறுக்கி, ஒரு தகர டப்பாவில் போட்டுவந்தேன். சேர்ந்ததும் ஓடைக்கரைக்குக் கொண்டுபோய் உயிரோடு விட்டுவிடுவது என் எண்ணம். ஆனால் மார்கழியில் எங்கள் பக்கம் உறைபனி விழும். புல் வெள்ளையாகக் கருகிவிடும். டப்பாவை வெளியே வைத்தால் அவை விறைத்துச் செத்துப்போகும், அந்தப் பாவம் என் விரதத்தில் சேரும் என்று பயந்தேன். அதனால் கோஸ் இலையால் மூடி, கதகதப்பான விறகு அறைக்குள் வைத்தேன். செவலையை வேட்டைக்குப் போகாமல் அடைத்துவைத்திருந்ததும் அதே அறையில்தான்.

காலையில் சில நாள் டப்பாவில் எண்ணிக்கை குறைந்திருக்கும். செவலையின் பால் கிண்ணத்தின் விளிம்பில் நத்தை ஊர்ந்த வெள்ளிக்கோடு காய்ந்திருக்கும். முந்தானையால் துடைத்துவிட்டுப் பால் ஊற்றியிருக்கிறேன். மருத்துவர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஓடிப்போய் வேட்டையாடுவதைத்தான் அவர் சொன்னார், இந்த வழவழப்பைப் பூனை தொடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கும் மேலே, விரதமிருந்து உயிர் காத்தது எப்படிக் கெடுதல் செய்யும் என்று ஒரு நினைப்பு. அதை நினைப்பு என்று சொல்வதைவிடத் திமிர் என்று சொல்லலாம்.

அடிவாரத்தில் மலையைப் பார்த்து நின்றோம். கும்பிடக் கை வரவில்லை.

"ஏங்க, நான் பொய் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னா, மாலை போட்டவ செஞ்ச வேலையப் பாருன்னு நெனைக்காதா?"

"நெனைக்கட்டும். நீ சொல்லாட்டி அது வேற மருந்த ஊத்திரும். வெரசா நட."

திரும்பிப் போனோம். அவர் முட்டி வலியோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மருத்துவர் வேறொரு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்து, அவர் முன்னால் நின்றபடியே டப்பாவைப் பற்றி முழுவதும் சொன்னேன். உறைபனியையும் சொன்னேன். கிண்ணத்தில் இருந்த கோட்டையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "எத்தன நாளா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். விரல் விட்டு எண்ணி, "அப்பச் சரியா வருது. உள்ள போயி ஒண்ணு ஒண்ணரை மாசம் கழிச்சுத்தான் மலத்துல வரும்" என்றார். எடுத்துவைத்த மருந்து டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, பழைய மருந்தையே எழுதினார். "கிண்ணத்துல அது ஊர்ந்தாக்கூடப் போதும்னு சொல்றாங்கம்மா. நான்தான் அதையும் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் சொல்லியிருந்தாலும் நான் துடைத்துவிட்டுத்தான் ஊற்றியிருப்பேன்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி மலையில் வீட்டுக்காரர் சொன்னார்: "முருகன் மயில வச்சிருக்காரு. அது தோட்டத்துல மேயுறப்ப நத்தையத் தள்ளி வச்சுட்டுக் கீரையவா திங்குது? அவருக்குத் தெரியாததா? சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வராத." எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

செவலை அந்த வாரமே இருமியது. மருத்துவர் சொன்னபடியே, படத்துக்குப் பின்னால் நோய் வந்தது. ஆனால் மருந்து அதற்கு முன்னாலேயே உள்ளே போயிருந்ததால் முதல் தடவைபோல வாய் திறக்கும் அளவுக்குப் போகவில்லை. மூச்சு நாற்பத்தைந்து வரை ஏறி, இறங்கியது. வைகாசியில் ஐந்தாவது படம். மலம் சுத்தம். நுரையீரல் கறுப்பு. ஆனால் பின்பக்கத்தில் மெல்லிசாக ஐந்தாறு வெள்ளைக் கோடுகள் நின்றுவிட்டன.

"இது இனிமே போகாதும்மா. ஆறுன தழும்பு. இதோட நல்லா வாழும். என்ன, தாவி ஓடுனா மத்த பூனையவிடக் கொஞ்சம் சீக்கிரம் உக்காந்துரும்."

அப்படித்தான் இருக்கிறது. எலியைத் துரத்தினால் பாதி வழியில் உட்கார்ந்து எங்கேயோ பார்ப்பதுபோல் பார்க்கும். வேட்டை பிடிக்கவில்லை என்று அந்நியர் நினைப்பார்கள். மூச்சு வாங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும். விறகு அறையை ஒட்டிய பாத்தியில் கோஸ் போடுவதை விட்டு, நத்தை அண்டாத பூண்டு போடுகிறோம். மாலை இன்னும் போடுகிறேன். அந்த நாள்களில் பொறுக்கும் நத்தையை அப்போதே ஓடைக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் மறுவேலை.

உடம்பைப் பற்றி நான் முன்பு நினைத்திருந்தது மாறிவிட்டது. இன்றைக்குப் பார்ப்பதுதான் இன்றைய உடம்பு என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. குணமான பிறகும் படத்தில் நோய் நின்றதைப் பார்த்தேன். நன்றாகத் திரியும்போதே படத்தில் நோய் வந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். கேரட் மூட்டையோடு மேடேறும்போது என் நெஞ்சு அடைக்கிறது. சற்று நின்றால் சரியாகிவிடுகிறது. யாராவது சுகமா என்று கேட்டால் சுகம் என்கிறேன். ஆனால் அது போன மாதத்தின் சுகமோ என்னவோ. இன்றைய நாள் எனக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை இன்றைக்கு நான் அறிய முடியாது. இது பயமாக இல்லை. காலையில் விளக்கேற்றும்போது முன்பு 'நல்லா வை' என்று கேட்பேன். இப்போது 'தெரியவேண்டிய நேரத்துக்குத் தெரியப்படுத்து' என்று கேட்கிறேன்.

எழுதி முடித்ததைப் பாண்டியம்மாளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் பத்தாவது வரை படித்தவள். பென்சிலை வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். டப்பா வரும் இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டாள்.

"இந்தச் சோலி மட்டும் வேணாம் மதினி. மாலை போடுறவங்களையே ஊரு தப்பாப் பேசும். ஒங்க பேரும் கெடும். பூனை பொழச்சுச்சு, மருந்து இன்னது, படம் இத்தன தடவன்னு எழுதுனாப் போதாதா?"

என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னாள். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ரப்பரால் அவள் கோட்டை அழித்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் வேண்டியவர்களுக்குக் கொடுங்கள், கையால் பார்த்து எழுதிக் கொடுத்தாலும் சரி. பிழைகளைத் திருத்துங்கள், என் பெயர் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். மற்றபடி எதையும் கூட்டாமல் குறைக்காமல் கொடுங்கள். எனக்காக இரக்கப்பட்டோ விரதத்துக்காக வருத்தப்பட்டோ அந்தத் தகர டப்பாவை மட்டும் எடுத்துவிட்டால், நான்காவது படத்தில் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று அடுத்துப் படிப்பவருக்குத் தெரியாது. இருமும் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவர் மருந்தைத்தான் சந்தேகப்படுவார்.